ஹிரோஷிமாவில் தங்கப்போகும் வீடு: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

ஏப்ரல், சனிக்கிழமை

யாழினி, இரவு 8:12
எல்லோருக்கும் வணக்கம். ஜப்பான் பயணத்தின் நிகழ்ச்சி நிரலை இன்று பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். மே இரண்டாம் வாரம் சிங்கப்பூர் வழியாக ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்குகிறோம். முதலில் கியோட்டோவையும் நாராவையும் பார்த்துவிட்டு, ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஹிரோஷிமா போகிறோம். மீதி இரவுகள் முழுவதும் அங்குள்ள மாணவர்களின் வீடுகளில்தான். பகலில் அவர்களோடு வகுப்பில் உட்கார வேண்டும். நான் தங்கப்போகும் வீட்டாருக்கு அனுப்ப ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பா, 8:20
மகிழ்ச்சி, யாழினி. ஆனால் அவ்வளவு தூரம் போய் டோக்கியோவைப் பார்க்காமல் திரும்புவதா? வீட்டில் தங்கும் நாள்களில் இரண்டைக் குறைத்துக்கொண்டு அங்கே அழைத்துப் போகலாமே என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?

வாணி அத்தை (கோபே), 8:31
தயவுசெய்து யாரும் கேட்டுவிடாதீர்கள், அண்ணா. டோக்கியோவுக்குப் பணம் கட்டினால் எந்தச் சுற்றுலா நிறுவனமும் அழைத்துப் போகும். முன்பின் தெரியாத ஒரு ஜப்பானியக் குடும்பம் தன் வீட்டில் பாய் விரித்துப் படுக்க இடம் கொடுப்பது பள்ளி வழியாகப் போனால்தான் நடக்கும்; இத்தனை வருடம் இங்கே வேலை பார்த்தும் என்னை இரவு தங்க அழைத்த வீடுகள் மிகச் சிலவே. பள்ளியும் யோசித்துத்தான் தேதி வைத்திருக்கிறது. இங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மே முதல் வாரத்தின் தொடர் விடுமுறையில் பாதி ஊர் வெளியூர் போய்விடும். இரண்டாம் வாரம் எல்லோரும் வீட்டிலும் வகுப்பிலும் இருப்பார்கள்.

அம்மா, 8:36
வாணி, சாப்பாட்டை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. படிவத்தில் "சைவம்" என்று எழுதினால் போதுமா? போதாதற்குச் சிறிய மின்சார குக்கர் ஒன்றும், பருப்புப்பொடியும், புளிக்காய்ச்சலும், ஊறுகாயும் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

வாணி அத்தை (கோபே), 8:52
போதாது, அண்ணி. சைவம் என்றால் இறைச்சி மட்டும் வேண்டாம்போல என்று நினைத்து அன்போடு மீன் சமைத்து வைப்பவர்கள் உண்டு. மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் அதன் சாறு இருக்கும். சூரை மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்திச் சருகாகச் சீவி, அதை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறுதான் இங்கே மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்புக்கும், உதோன் என்னும் கோதுமை நூடுல்ஸின் குழம்புக்கும், பல வீடுகளில் முட்டைச் சுருளுக்கும்கூட அடிப்படை. நம் பக்கத்து மாசிக் கருவாட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே படிவத்தில் ஒற்றைச் சொல்லாக எழுதாமல், இறைச்சி, மீன், மீன் சாறு, கோழிச் சாறு ஆகியவற்றைச் சாப்பிடுவதில்லை என்றும், பால், தயிர், சோயாக் கட்டி, எல்லாக் காய்கறிகளும் சாப்பிடுவாள் என்றும் தனித்தனியாக எழுதுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதை அவளே முடிவுசெய்து எழுதட்டும். கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷீடாகே காளானிலும் சாறு எடுக்கலாம் என்பது அங்குள்ள எல்லாச் சமையலறைகளுக்கும் தெரியும். அந்த இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டால் அந்த வீட்டு அம்மாவுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். வேண்டாததை மட்டும் எழுதினால் அவர் திகைத்துப் போவார்.

குக்கர் வேண்டவே வேண்டாம். இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் குக்கரைச் செருகினால் ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூட வராது. அரிசி ஊறத்தான் செய்யும். கைப்பேசி மின்னேற்றியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. தட்டையான இரண்டு முனை கொண்ட செருகி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அம்மா, 8:58
குக்கரை விட்டுவிடுகிறேன். பொடி வகைகளாவது இருக்கட்டுமே? பிள்ளை பட்டினி கிடந்துவிடக் கூடாது.

அப்பா, 9:03
கலா, இது பரிமாற்றத் திட்டம் என்பதை மறந்துவிட்டாய். மார்கழிக் கடைசியில் அந்த வீட்டுப் பெண் நம் வீட்டுக்கு வந்து தங்கப்போகிறாள். நீ விடியற்காலையில் எழுந்து இட்லியும் பொங்கலும் செய்து வைக்க, அவள் தன் பெட்டியைத் திறந்து பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டால் உனக்கு எப்படி இருக்கும்?

அம்மா, 9:05
அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்காது.

அம்மா, 9:06
சரி. ஒரு பருப்புப்பொடிப் பொட்டலம் மட்டும். அதையும் அவர்கள் மேசையில் வைத்து, எல்லோரோடும் பகிர்ந்து சாப்பிடச் சொல்கிறேன்.

தாத்தா, 9:10
அந்த வீட்டாருக்குச் சேலத்து மாம்பழம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புவோம். மே மாதத்தில் அதைவிட நல்ல பொருள் என்ன இருக்கிறது?

வாணி அத்தை (கோபே), 9:17
அப்பா, விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். பழ ஈக்குப் பயந்து இந்திய மாம்பழத்தை நெடுங்காலம் தடுத்தே வைத்திருந்தார்கள். 2006இல்தான் சில ரகங்களை, அதுவும் நீராவியில் சூடேற்றிச் சான்றிதழோடு வந்தால் மட்டும், அனுமதித்தார்கள். கறிவேப்பிலைக்கும் இதே கதிதான். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்றும், சுங்குடித் துணி ஒன்றும் போதும். வெள்ளிக் குத்துவிளக்கு என்று அண்ணி யோசித்தால் அதையும் தடுத்துவிடுங்கள். விலை உயர்ந்த பொருளை வாங்கிக்கொண்டால் ஈடாகத் திருப்பித் தர வேண்டுமே என்ற பாரம் அவர்களுக்கு வந்துவிடும்.

மருந்துப் பையையும் ஒருமுறை பாருங்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபிட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுவரத் தடை. நம்மிடம் சாதாரணமாக விற்கும் மாத்திரை என்ற வாதம் சுங்கத்தில் செல்லாது.

யாழினி, 9:22
அத்தை, அங்கே எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில் குளிப்பார்கள் என்று தோழி சொன்னாள். உண்மையா?

வாணி அத்தை (கோபே), 9:30
உண்மைதான், ஆனால் நீ நினைக்கிற விதத்தில் இல்லை. தொட்டிக்கு வெளியே குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை சொட்டும் மிச்சமில்லாமல் அலசிவிட்டு, அதன் பிறகே வெந்நீரில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, களைப்புப் போக்க. விருந்தாளி என்று உன்னையே முதலில் போகச் சொல்லக்கூடும். குளித்து முடித்ததும் நம் வழக்கப்படி அடைப்பானைப் பிடுங்கிவிடாதே. உனக்குப் பின்னால் வீடே அந்தத் தண்ணீருக்குக் காத்திருக்கும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு உண்டு. அதோடு வெளியே வராதே. புல்பாய் விரித்த அறையில் எந்தச் செருப்பும் கூடாது.

பெரியப்பா, 9:41
டோக்கியோவை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் நாராவில் தோதாய்ஜிக் கோயிலுக்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருப்பதை ஒரு வரலாற்று ஆசிரியராக நான் ஏற்கமாட்டேன். 15 மீட்டர் உயரமுள்ள அந்த வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்னும் துறவி. 736இல் அவர் ஜப்பானில் கரையிறங்கினார். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு நின்றார்களாம். தீயிலும் நிலநடுக்கத்திலும் சிலை பலமுறை சிதைந்து, தலை பிற்காலத்தில் மறுபடி வார்க்கப்பட்டது. இப்போதுள்ள மண்டபம் 1709இல் கட்டி முடித்தது. மான்களுக்குப் பிஸ்கட் கொடுப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடாமல் இதையும் பார்த்துவிட்டு வா, யாழினி.

யாழினி, 9:44
மான்களுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும், பெரியப்பா.

அம்மா, 9:49
ஹிரோஷிமாவின் அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்துக்கு இந்த வயதில் அழைத்துப் போகத்தான் வேண்டுமா, வாணி?

வாணி அத்தை (கோபே), 10:04
போகட்டும், அண்ணி. அங்கே ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. உள்ளே இருந்த சோறும் காயும் அப்படியே கரியாகியிருக்கின்றன. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8:15க்குக் குண்டு வெடித்தபோது, தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்குப் பள்ளி மாணவர்களை அனுப்பியிருந்தார்கள். அந்த டப்பா அப்படிப் போன ஒரு பையனுடையது. ஜப்பானியப் பள்ளிகள் ஊர் ஊராகத் தங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்து வருகின்றன.

யாழினிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ தங்கும் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் குடும்பம் அந்த நாளைக் கண்டதாக இருக்கலாம். பேட்டி எடுப்பதுபோல் கேள்வி கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். அமைதிப் பூங்காவில் சிறுவர் நினைவுச் சின்னத்துக்குக் காகிதக் கொக்குகள் செலுத்துவது வழக்கம். கதிர்வீச்சால் புற்றுநோய் கண்டு 1955இல் இறந்த சதாகோ சசாகி என்ற 12 வயதுச் சிறுமியின் நினைவாக அவள் வகுப்புத் தோழர்கள் முயன்று எழுப்பியது அது. உங்கள் குழுவினர் இங்கிருந்தே மடித்து, கோத்து எடுத்துப் போகலாம், எடையே இருக்காது.

யாழினி, 10:11
நல்ல யோசனை, அத்தை. திங்கட்கிழமை வகுப்பில் சொல்கிறேன். உணவுப் பகுதியை நீங்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன். முட்டை சாப்பிடுவேன் என்றும் எழுதியிருக்கிறேன், அம்மா. இரண்டாம் பக்கத்தில், வளர்ப்பு விலங்கு இருக்கும் வீட்டில் தங்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மா, 10:13
முட்டை எப்போதிலிருந்து என்பதை நாளைக்கு நேரில் கேட்டுக்கொள்கிறேன். நாய் இருந்தால் சம்மதம் என்று எழுது. பூனை என்றால் உனக்குத் தும்மல் நிற்காது. அதையும் மறக்காமல் குறிப்பிடு.