புட்டுக்குடத்தில் வெந்த வங்குகள்

செவ்வாய்ப்பேட்டை:

மாதிரிப் படகு செய்கிற எங்களிடம், முதல் படகில் எத்தனை வங்கு (படகின் உடலைத் தாங்கும் வளைந்த விலா மரம்) உடைந்தது என்று கேட்டிருந்தீர்கள். படகுக்குத் தேவை 22. நான் உடைத்தது 31.

எங்கள் வீட்டில் கொலுசுத் தொழில். சின்ன வயதிலிருந்து கம்பி வளைத்த கை, அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தது. வெள்ளிக் கம்பியைக் காய்ச்சி எடுத்தால் ஆறின பிறகும் மெத்தென்றே இருக்கும். டீ குடித்துவிட்டு வந்து நிதானமாக வளைக்கலாம். வளைக்க வளைக்கத்தான் விறைக்கும், மறுபடி காய்ச்சினால் சரி. மரம் நேர் எதிர். சூடு இருக்கிற சில நொடிகள்தான் நம் பேச்சைக் கேட்கும். இது தெரியாமல் 3 மில்லிமீட்டர் குச்சிகளை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து, தட்டில் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குச்சி வளைந்தது. இரண்டாவது முனகியது. மூன்றாவதிலிருந்து பட், பட்.

அப்புறம் புட்டுக்குடத்துக்கு மாறினேன். (இதற்காக வீட்டில் நடந்த சண்டையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது படகு கட்டுகிறவர்கள் கணக்கு. அப்படிப் பார்த்தால் என் குச்சிக்கு 7 நிமிடம். ஒன்றை வளைத்து அச்சில் கட்டி முடித்த பிறகுதான் அடுத்ததைக் குழாயிலிருந்து எடுப்பேன்.

உடைவது பாதியானது, ஆனால் நிற்கவில்லை. பட்டறை லென்ஸை வைத்து உடைந்த குச்சிகளைப் பார்த்தேன். எல்லாமே வெளிவளைவில் பிளந்திருந்தன. ஆவியில் வெந்த நல்ல மரம் நெருக்கினால் கால் பங்கு வரைகூடச் சுருங்கிக் கொடுக்கும். இழுத்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு நீள்வதே பெரிது. அதனால் மெல்லிய பித்தளைப் பட்டை ஒன்றை வெட்டி, இரண்டு முனையையும் கொக்கி போல மடித்து, குச்சி அதற்குள் இறுக்கமாக உட்காரும்படி செய்தேன். பட்டை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இப்போது வெளிப்பக்கம் நீள வழியில்லை, உள்பக்கம்தான் சுருங்கியாக வேண்டும். அன்றைக்கு ஒன்பது வங்கு போட்டேன், ஒன்றுகூட உடையவில்லை. இரும்புத் தகடு வேண்டாம். துவர்ப்புள்ள மரமாக இருந்தால் ஈரத்தில் கறுத்துப்போகும்.

அச்சை வரைபடத்தைவிடக் கொஞ்சம் குறுக்கி வெட்டுங்கள், அவிழ்த்ததும் மரம் சற்று நிமிரும். நார் பக்கவாட்டில் சரிந்து ஓடுகிற குச்சிக்கு எந்த வைத்தியமும் இல்லை, அடுப்புக்குத்தான்.

லேடீஸ் சீட்:

ஏற்காட்டிலிருந்து. 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடுகிறது. அதனால் கீழே நீங்கள் 7 நிமிடம் விட்டால் நான் 10 விடுவேன். சரியா தப்பா தெரியாது, உடையவில்லை.

எங்களுக்கு மரத்துக்குப் பஞ்சம் இல்லை. காப்பி எஸ்டேட்டில் நிழல் மரங்களைக் கவாத்து செய்து முடிந்ததும் சில்வர் ஓக் கிளைகள் மலைபோலக் கிடக்கும். பச்சையாகவே அறுத்து வளைத்துப் பார்த்தேன். சூளையில் காய்ந்து பெட்டியில் வருகிற குச்சியைவிட ஒழுங்காக வளைந்தது. ஆனால் அந்த மரத்தில் தெரியும் பூவேலை இருக்கிறதே, அலமாரிக் கதவில் அழகு, ஒரு சாண் படகில் அம்மைத் தழும்பு. பேர்தான் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு சாதி மரம் அது. இப்போது வங்குக்கு அதைத் தொடுவதில்லை. பிடுங்கிப் போட்ட கிழட்டுக் காப்பிச் செடியின் தண்டுதான் எனக்குத் தங்கம். வளைக்க அல்ல, பாய்மரக் கயிறு ஓடும் கப்பி கடைய. நெருக்கமான நார், 4 மில்லிமீட்டர் கப்பியில் துளை போட்டாலும் விளிம்பு பெயராது.

பதினாறு கண்:

மேட்டூர்க்காரன். நான் உடைத்ததற்குக் கணக்கே இல்லை, காரணம் வேறு. 1817இல் பம்பாயில் வாடியா என்ற கப்பல் கட்டும் குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி கப்பலை மாதிரி செய்ய எடுத்துக்கொண்டேன். இன்றும் இங்கிலாந்தில் ஹார்டில்பூலில் மிதக்கிறது. இரண்டு மாதம் அதன் வங்குகளை ஆவியில் வளைத்தேன்.

பிறகு கடலூர் முதுநகரில் படகு பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவரிடம் மாட்டினேன். நான் 'ரிப், ரிப்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "வங்கைச் சொல்றீங்களா?" என்றார். அதுவரை எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "இத்தாப் பெரிய கப்பலுக்கு எவன் தம்பி வளைப்பான்? கோணலா வளர்ந்த மரத்தைத் தேடி வெட்டித் துண்டு துண்டாச் சேர்க்கணும்." உண்மைதான். அந்தக் காலப் பெரிய கப்பல்களில் ஒவ்வொரு வங்கும் பல துண்டுகள் சேர்ந்தது. வளைப்பதெல்லாம் சின்னப் படகுக்கு.

இப்போது பரிசல் ஒன்று செய்கிறேன். மூங்கில் பிளாச்சு, மெழுகுவத்திச் சூடு, வேலை முடிந்தது.

செவ்வாய்ப்பேட்டை:

கோணல் கிளை யோசனை நல்லது, நாலு மரம் பார்த்து வைத்திருக்கிறேன். லேடீஸ் சீட், காப்பித் தண்டு ஒரு முழம் எடுத்து வையுங்கள், ஞாயிறு மேலே வருகிறேன். அதற்கு முன்னால் கடைவீதிக்குப் போய்ப் புதுப் புட்டுக்குடம் வாங்க வேண்டும். பழையதில் அவித்த புட்டு ஆசாரிப் பட்டறை வாசம் அடிக்கிறதாம்.