அப்பக்கடை அம்மாவும் என் ஜிம்மும்

பரந்தன் பொடியன்:
சின்னத் தொழில் செய்பவர்கள் யாரைப் பார்த்துப் படித்தீர்கள் என்று போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார். நான் படித்தது ஒரு அப்பக்கடையில்.

2019-இல் கிளிநொச்சியில் ஜிம் திறந்தேன். கொழும்பில் பார்த்ததெல்லாம் என்னிடமும் இருக்க வேண்டும் என்ற ஆசை. லீசிங்கில் இரண்டு ட்ரெட்மில், சனிக்கிழமை பாட்டுக்கு ஆடும் சும்பா பயிற்சி, ஞாயிறு குத்துச்சண்டை, பிள்ளைகளுக்குக் கராத்தே. பெயர்ப்பலகையில் எழுத இடம் காணவில்லை. முழங்கால் நோவு என்று சொன்ன ஐயா யார், தோள் பிசகிய தம்பி யார் என்பது மட்டும் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏ9 ஓரம் ஓர் அம்மா அப்பம் சுடுவார். மூன்று தாச்சி. வெள்ளையப்பம், பாலப்பம், கட்டைச் சம்பல், அவ்வளவுதான். நாலரைக்கு அடுப்பு மூட்டுவார், மா முடிந்ததும் கடை பூட்டு. ஒருநாள் வாய் சும்மா இராமல், "புட்டும் போட்டால் இன்னும் சனம் வருமே அம்மா?" என்றேன். "புட்டுக்கு வேற அடுப்பு வேணும், வேற ஆள் வேணும். நான் அங்க திரும்பிற நேரம் இங்க அப்பம் கருகும், மோனை" என்றார். எனக்கு ஓரம் முறுகலாக வேண்டும் என்பதை மூன்றாம் நாளே கேட்காமல் செய்தவர் அவர். என்னிடம் ஆறு மாதம் காசு கட்டியவரின் பெயரையே நான் கொப்பியில் தேடுவேன்.

கேட்டுவிட்டு உடனே திருந்தினேனா? இல்லை. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான். ட்ரெட்மில் இரண்டும் துணி காயப்போடும் கம்பியாகிவிட்டன. ஆனால் இரும்பு தூக்கும் 20 பேரும் ரோச் வெளிச்சத்திலும் வந்தார்கள். சரி, இதுதான் என் அப்பம் என்று விளங்கியது.

ட்ரெட்மில்லை நட்டத்துக்கு விற்றேன். இப்போது ஒரு நேரத்துக்கு 8 பேர், கிழமைக்கு மூன்று நாள், 45 நிமிடம். குந்தி எழும்புவது, நிலத்திலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. தசைக்குக் கிழமையில் 2 நாளாவது வேலை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, ஆகவே குறைத்துவிட்டேன் என்ற உறுத்தல் இல்லை. போன தடவை யார் எத்தனை கிலோ தூக்கினார் என்பது கொப்பியில் இருக்கும். கூடியவரை தலையிலும்.

வவுனியாக்காரி:
எனக்குப் படிப்பித்தது எங்கள் தெருத் தையல்கார அக்கா. சாறிச் சட்டை மட்டும்தான் தைப்பார். பஞ்சாபி உடுப்புத் தைக்கக் கொண்டுபோனால் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுவார். நான் பெண்களுக்கு யோகா, சும்பா, நடனம் எல்லாம் வைத்து மூச்சு வாங்கியவள். இப்போது பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மட்டும், காலை ஒன்பது மணிக்கு. குழந்தையையும் கூட்டிவரலாம். மாமிமார் முதலில் முறைத்தார்கள், அப்புறம் அவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நந்திக்கடல்:
அண்ணை, கேட்க நல்லாத்தான் இருக்கிறது. முல்லைத்தீவில் என் ஜிம்முக்கு வருவதே 30 பேர். அதில் கரம்போட் விளையாட வருபவனையும் கழித்தால் வாடகைக்கு எங்கே போவது? காலபோக நெல் விதைப்பு தொடங்கினால் பாதிப்பேர் வயலில். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவனிடம் இன்னும் இரும்பு தூக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாங்குளத்தான்:
1948-இல் மக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிய கடையையே மூடி, 25 சாப்பாட்டு வகையை 9 ஆக்கித் திறந்தார்களாம். பரந்தன் அண்ணைக்குக் கரண்ட் போக வேண்டியிருந்தது 😄

பரந்தன் பொடியன்:
உண்மைதான் தம்பி, நானாகத் துணியவில்லை.

நந்திக்கடல் சொல்வதும் நியாயம். கரம் பலகையைத் தூக்காதே, அது உன் ஊரின் அப்பமாகவும் இருக்கலாம். விதைப்புக்கும் வெட்டுக்கும் போகிறவர்களிடம் அந்த மாதங்களுக்கு நான் காசு வாங்குவதில்லை. முதல் வருடம் கை கடித்தது. அறுவடை முடிந்து வந்த ஒருவர் அரை மூட்டை நெல்லை மேசைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, "போன முறை 60 கிலோவில விட்டனான்" என்றார். கொப்பியைப் பார்த்தேன், 55.