கோடாக் கதையும் அப்பா சொல்வதும் ஒத்துப்போகவில்லையே?

தென்காசிப் பையன்:
வணக்கம். பி.காம் கடைசி வருடம் படிக்கிறேன். வகுப்பில் அமெரிக்க பிலிம் கம்பெனி கோடாக் பற்றிப் பேச வேண்டும். பாடத்தில் உள்ளது இதுதான்: கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவ் சாஸன் 1975ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார், கம்பெனி அதைக் கண்டுகொள்ளவில்லை, 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. அதாவது டிஜிட்டல் வந்து போட்டோ தொழிலை அழித்தது என்று அர்த்தம். ஆனால் ஸ்டூடியோ நடத்திய என் அப்பா, "டிஜிட்டல் வந்த புதிதில்தான் கடையில் கூட்டம்" என்கிறார். எது சரி? பிலிம் காலத்தில் தொழிலில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

கலர்லேப்:
தம்பி, அப்பா சொல்வதை நம்பு. நான் மதுரையில் ஒரு கலர் லேபில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவன்.

எங்களுக்கு வருமானம் மூன்று வழியில் வரும்: பிலிம் ரோல் விற்பது, அதைக் கெமிக்கலில் கழுவி நெகட்டிவ் ஆக்குவது, பிரிண்ட் போடுவது. இதில் பிரிண்ட்தான் பெரிது. டிஜிட்டல் கேமரா முதல் இரண்டை அடித்தது, மூன்றாவதைத் தொடவில்லை. மெமரி கார்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தானே வந்தார்கள்! புது மெஷின் லேசர் மூலம் அதே போட்டோ பேப்பரில் படத்தைப் பதிக்கும், பேப்பரைக் கழுவுவது அதே கெமிக்கல் முறை. ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த கல்யாண போட்டோகிராபர்கள் கை கூசாமல் எடுத்துத் தள்ளினார்கள். அப்புறம் கரிஷ்மா ஆல்பம், அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வடிவமைத்துப் புத்தகம் போல் போடும் கல்யாண ஆல்பம், வந்தது. அப்பா சொல்லும் கூட்டம் அதுதான்.

பிரிண்ட்டைக் கொன்றது போன். படம் எடுத்த இடத்திலேயே பார்க்கலாம், அனுப்பலாம் என்று ஆனதும் பேப்பருக்கு வேலை இல்லை. 2016ல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தைக்கூடப் பிரிண்ட் போடாத வீடுகளைப் பார்த்தேன். எனக்கு அது இன்னமும் வருத்தம்தான்.

பிலிம் கழுவுவது எப்படி நின்றது என்பதையும் சொல்கிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. கலர் நெகட்டிவில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், ரோல் அதில் 3 நிமிடம் 15 வினாடி ஓட வேண்டும். ஒவ்வொரு ரோல் போகும்போதும் மெஷின் கொஞ்சம் புதுக் கரைசலை டேங்கில் சேர்க்கும். நாள் முழுக்க ரோல் வந்தால் டேங்க் எப்போதும் புதிதாகவே இருக்கும். வரத்து குறைந்தால் அதே கரைசல் காற்றுபட்டுப் பழுப்பேறி, வீரியம் போய்விடும். காலையில் முதல் வேலையாக கன்ட்ரோல் ஸ்டிரிப் என்ற சோதனைத் துண்டு பிலிமை ஓட்டி, கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். அளவு தள்ளிப்போயிருந்தால் டேங்கையே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பணும், அது பெரிய செலவு. கொட்டாமல் ஓட்டிய கடைகளில் படம் மங்கலாக, நிறம் மாறி வந்தது. வாடிக்கையாளர் "பிலிமே இப்படித்தான்" என்று சொல்லி டிஜிட்டலுக்குப் போனார். ரோல் இன்னும் குறைந்தது, டேங்க் இன்னும் கெட்டது. டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைப்படுத்தும் கரைசல் பிக்ஸர்; பழைய பிக்ஸரில் கரைந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க வாங்கிப்போக ஆள் வருவார்கள், அந்தச் சில்லறை வரும்படியும் கூடவே போயிற்று.

நீலமலை:
எல்லாவற்றையும் டிஜிட்டல் தலையில் கட்ட வேண்டாம். எங்கள் ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல் தொடங்கி, 1967ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' பிலிம் அங்கே செய்ததுதான். இந்து நகர் என்ற பெயரே அதனால் வந்தது. அதன் பலம் கறுப்பு வெள்ளையும் எக்ஸ்ரே பிலிமும். ஊரெல்லாம் கலருக்கு மாறியபோதே ஒரு கால் போயிற்று. 1991க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது, மேலே கடன் சுமை. 1990களிலேயே நலிந்த நிறுவனமாகிவிட்டது. அப்போது நம் ஊரில் டிஜிட்டல் கேமராவைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்?

தென்காசிப் பையன்:
நன்றி அண்ணா, நன்றி நீலமலை. அப்படியானால் கோடாக் என்னதான் செய்திருக்க வேண்டும்?

கலர்லேப்:
கோடாக் தூங்கவில்லை தம்பி. 2005ல் அமெரிக்காவில் அதிக டிஜிட்டல் கேமரா விற்றதே கோடாக்தான். ஆனால் கேமராவில் என்ன லாபம் நிற்கும்? ஒருமுறை வாங்கியவன் வருடக்கணக்கில் திரும்ப வரமாட்டான். பிலிம் வாங்குகிறவன் ஒவ்வொரு பண்டிகைக்கும், ஒவ்வொரு டூருக்கும் வருவான். பிலிம், பேப்பர், கெமிக்கல் என்று திரும்பத் திரும்ப விற்று வளர்ந்த கம்பெனி அது. அந்த லாபத்துக்கு ஈடான தொழில் கேமராவில் கிடையாது, எவ்வளவு சீக்கிரம் இறங்கியிருந்தாலும் கிடையாது.

ஜப்பான் பிலிம் கம்பெனி ஃபியூஜியைப் பார். அங்கேயும் பிலிம் விழுந்தது. ஷிகெடாகா கோமோரி தலைமையில், 'நமக்குத் தெரிந்த ரசாயனம் வேறு எதற்கு ஆகும்' என்று தேடினார்கள். பிலிமுக்கு அடித்தளமாகச் செய்துவந்த டிஏசி என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் எல்சிடி திரைக்குப் போயிற்று. பிலிம் பூச்சில் முக்கியமான ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவதுதான், அந்த அறிவை வைத்து 2007ல் அஸ்டாலிஃப்ட் என்று முகத்துக்குப் பூசும் கிரீம்கூடக் கொண்டுவந்தார்கள். கோடாக்கோ 1994ல் தன் ரசாயனப் பிரிவான ஈஸ்ட்மன் கெமிக்கலைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது, 2007ல் மருத்துவப் படப் பிரிவையும் விற்றது. என்னைக் கேட்டால் தப்பு அங்கேதான், சாஸன் கேமராவில் இல்லை.

வகுப்புக்கு ஒரு யோசனை. அப்பாவின் பழைய பில் புத்தகங்கள் இருந்தால் 2000 முதல் 2015 வரை கழுவிய ரோல் எத்தனை, போட்ட பிரிண்ட் எத்தனை என்று தனித்தனியாக எண்ணிக் கோடு வரைந்து காட்டு. இரண்டு கோடும் ஒரே வருடத்தில் இறங்காது, பார்.