செக்கு வீட்டுக் குழு: சிக்கு வாடை

அண்ணன்: போன வாரம் ஈரோட்டுக்கு அனுப்பின கடலை எண்ணெயில சிக்கு வாடை வருதுன்னு மூணு வீட்டுல சொல்லிட்டாங்க. கடைக்காரர் வெயில்ல வெச்சிருப்பார்னு பதில் போட்டுடலாமா?

அத்தை: அப்படித்தான் இருக்கும் கண்ணு. கண்ணாடி அலமாரில மத்தியான வெயில் நேரா அடிக்குமே.

பெரியப்பா: அப்படிப் போடாத சாமி. 2003 அக்டோபர்ல மும்பையில கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்ல புழு இருக்குதுன்னு மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் கண்டுபிடிச்சது. கேட்பரிக்காரங்க முதல்ல சொன்னது என்ன? கடையில சரியா வெக்கலைன்னு. நான் அப்ப மளிகைக்கடை வெச்சிருந்தேன், நல்லா நெனப்பிருக்கு. அவங்க சொன்னது உண்மையாக்கூட இருக்கலாம். ஆனா புள்ளைக்கு வாங்கிக் குடுத்த தாய்க்கு உறையில இருக்கற பேருதான தெரியும்? தீபாவளி நேரம் வேற. வியாபாரம் படுத்துருச்சு.

நான்: அப்புறம் எப்படிங்க பெரியப்பா எந்திரிச்சாங்க?

பெரியப்பா: 2004 ஆரம்பத்துல உறையவே மாத்திட்டாங்க. அலுமினியத் தாளை சூடு வெச்சு ஒட்டி, உள்ள எதுவும் போகாத மாதிரி. அமிதாப் பச்சனும் விளம்பரத்துல வந்தாரு. என்னைக் கேட்டா அவரை விட அந்த உறைதான் நம்பிக்கை குடுத்துச்சு. கடையில எப்படி வெச்சாலும் எங்க பொறுப்புன்னு ஏத்துக்கிட்ட மாதிரி.

அண்ணி: ஃபார்மசி படிக்கறப்ப எங்களுக்கு டைலினால்ங்கற வலி மாத்திரை கதை சொல்லுவாங்க மாமா. 1982ல சிகாகோ பக்கம் யாரோ அந்த மாத்திரையில சயனைடு கலந்து 7 பேர் செத்துட்டாங்க. கம்பெனி கலக்கலை. ஆனாலும் அந்தக் கம்பெனி, ஜான்சன் அண்ட் ஜான்சன், அமெரிக்கா முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பியைத் திரும்ப எடுத்தாங்க. 10 கோடி டாலருக்கு மேல செலவு. பிரிச்சா தெரியற சீல் பரவலா வந்ததே அதுக்கப்புறந்தான். ஜனங்களும் திரும்ப வாங்க ஆரம்பிச்சாங்க.

நான்: தப்பு பண்ணாதவங்களே அவ்வளவு செஞ்சிருக்காங்க.

அண்ணன்: பெரியப்பா, ஒண்ணு சொல்லணுங்க. மண்டி முழுசா அடியில தங்கி எண்ணெய் தெளியறதுக்கு முன்னாடியே பாட்டில்ல ஊத்திட்டேன், அதான் சிக்கு வாடை. ஆர்டர் சேந்து போச்சு, அவசரப்பட்டுட்டேன். வெயில் மேல பழி போட்டது தப்புங்க.

பெரியப்பா: சொன்னியே, அது போதும். மொத்தம் எத்தனை பாட்டில்?

அண்ணன்: 64. மத்தவங்க யாரும் எதுவும் சொல்லலை.

பெரியப்பா: அவங்களை நெனச்சாத்தான் எனக்குக் கவலை. குறை சொல்றவங்களுக்கு இன்னும் நம்மகிட்ட வாங்கற எண்ணம் இருக்குது. பேசாம இருக்கறவங்க அடுத்த மாசம் வேற செக்குக்குப் போயிருவாங்க, ஏன்னே நமக்குத் தெரியாது.

அண்ணன்: இப்படி அனுப்பறேன், பாருங்க: “வணக்கமுங்க. போன வாரம் அனுப்பின கடலை எண்ணெய் முழுசா தெளியலை. தப்பு எங்களோடது. பாதி ஊத்தியிருந்தாலும் பரவாயில்லைங்க, பாட்டிலை எடுத்துக்கிட்டு வேற தர்றோம். வேண்டாம்னா பணத்தைத் திருப்பித் தர்றோம்.”

அண்ணி: கடைக்காரருக்கு எழுத்துல வேண்டாங்க, நேர்ல போய்ச் சொல்லுங்க.

அண்ணன்: சரி, காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்.

அத்தை: என் நாத்தனார் வீட்டுலயும் ரெண்டு பாட்டில் இருக்குது. தாளிக்கறதுக்குள்ள நான் ஃபோன் பண்ணிடறேன்.