பேட்டரி டெர்மினல் மாற்றி ஆம்ப்ளிஃபயர், ஃபாக் லேம்ப்புக்கு லைன் இழுக்க எந்த வயர், எந்த ஃப்யூஸ்?

தஞ்சைப்பயணி:
வணக்கம். வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக், பேட்டரி 35 ஏஎச் (ஆம்பியர்-மணி), ரகம் 38பி20எல். நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் (உடம்பில் 20 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு), 55 வாட் ஃபாக் லேம்ப் ஒரு ஜோடி, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்புக்குத் தனி சாக்கெட், டேஷ்கேம் இவ்வளவும் சேர்க்க வேண்டும். இப்போதே பாசிட்டிவ் கிளாம்ப் போல்ட்டில் மூன்று வயர் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகிறது. நெகட்டிவ் கிளாம்ப் கையால் திருகினாலே சுற்றுகிறது, பச்சைப் பொடி வேறு. நாலைந்து வயர் மாட்டும் பித்தளை டெர்மினல் கடைகளில் கிடைக்கிறதே, அதைப் போட்டால் போதுமா? வயர் என்ன சைஸ் எடுக்கணும்? ஃப்யூஸ் எங்கே வரணும்?

ஆட்டோவயர்மேன்:
டெர்மினல் வாங்குவதற்கு முன்னால் ஆம்பியர் கணக்கு போடுங்க. ஃபாக் லேம்ப் இரண்டும் சேர்ந்து 110 வாட், அதாவது 8 ஆம்பியர் சுமார். காற்று பம்ப் பெரும்பாலும் 10 முதல் 12. ஆம்ப்ளிஃபயரை அதன் ஃப்யூஸை வைத்தே 40 என்று எடுத்துக்கொள்ளுங்க. பாட்டு ஓடும்போது சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, ஆனால் பேஸ் அடிக்கும் நொடியில் முழுசாக இழுக்கும். வயரை அந்த நொடிக்குத்தான் தேர்ந்தெடுக்கணும். டேஷ்கேம் ஒரு ஆம்பியருக்கும் கீழே.

இப்போ டெர்மினல். உங்க பேட்டரியில் இருப்பது மெல்லிய போஸ்ட் (கிளாம்ப் மாட்டும் ஈயத் தூண்). அடிப்பக்கத்தில் பாசிட்டிவ் 14.7 மிமீ, நெகட்டிவ் 13 மிமீ. கடையில் தொங்கும் பித்தளை டெர்மினல் பெரும்பாலும் தடித்த போஸ்ட்டுக்கானது, 19.5-ம் 17.9-ம். அதை மெல்லிய போஸ்ட்டில் மாட்டி, லூசாக இருக்கிறது என்று தகரத்துண்டோ வயர் இழையோ செருகி இறுக்குவார்கள். அப்படிச் செய்தால் கிளாம்ப் இரண்டு இடத்தில் மட்டும் தொடும். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்த இரண்டு இடமும் சுடும், ஈயம் இளகும், மறுபடி லூசாகும். உங்க நெகட்டிவ் கிளாம்ப் சுற்றுவதும் அந்த ரகமாக இருக்கலாம், கழற்றிப் பாருங்க. மெல்லிய போஸ்ட்டுக்கென்றே வரும் கிளாம்ப் வாங்குங்க. கிடைக்காவிட்டால் போஸ்ட்டின் மேல் மாட்டும் ஈயக் குப்பி விற்கிறார்கள், அதைப் போட்டுத் தடித்த கிளாம்ப் மாட்டலாம். கிளாம்ப்பைச் சுத்தியலால் தட்டி இறக்கவே கூடாது, உள்ளே போஸ்ட்டின் பற்றவைப்பு விரிசல் விடும். ஸ்க்ரூடிரைவரால் வாயை விரித்து அடிவரை இறக்கி, பிறகு இறுக்குங்க.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போதுதான் பொறி பறக்காது. பச்சைப் பொடிக்குச் சமையல் சோடா கரைத்த வெந்நீர், பழைய பல் பிரஷ். செல் மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, மேலே மட்டும்.

நாலு வயர் மாட்டும் டெர்மினல் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அதில் வயரைக் குட்டி ஸ்க்ரூவால் அழுத்திப் பிடிப்பார்கள், அதிர்வில் ஒன்றிரண்டு மாதத்தில் தளரும். பாசிட்டிவ் கிளாம்ப் போல்ட்டிலிருந்து ஒரே ஒரு 16 ஸ்கொயர் எம்எம் வயர், 20 செமீக்கு மேல் போகாமல், ஒரு ஃப்யூஸ் பிளாக்குக்கு. அங்கிருந்து பிரியட்டும்: ஆம்ப்ளிஃபயருக்கு 50 ஆம்பியர் மிடி ஃப்யூஸ் (போல்ட் வைத்து இறுக்கும் பெரிய ரகம்), ஃபாக் லேம்ப்புக்கு 15, சாக்கெட்டுக்கு 15. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையிலான அந்தச் சாணளவு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் குட்டையாக இருக்கணும். நெளிகுழாய்க்குள் விட்டு, பாடி விளிம்பு எதிலும் உரசாமல் கட்டுங்க. ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் ஃப்யூஸ் வைத்தால், நடுவே பாடியில் உரசும் வயர் முழு பேட்டரியையும் ஷார்ட் செய்து கார்பெட்டோடு எரியும்.

அளந்துபார்:
மேலே சொன்னதோடு வயர் சைஸ் கணக்கையும் சேர்க்கிறேன். காப்பர் ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம், அதை ஸ்கொயர் எம்எம்மால் வகுக்கணும். என்ஜின் அறையிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், 40 ஆம்பியர் என்று வைத்தால் 6 ஸ்கொயரில் 0.57 வோல்ட் வழியிலேயே போகும், 10-ல் 0.34, 16-ல் 0.21. ஆகவே 16 போடுங்க. ஃபாக் லேம்ப்புக்கு ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய லைனை இயக்கும் ஸ்விட்ச்) வரை 2.5, ரிலேயிலிருந்து ஒவ்வொரு லேம்ப்புக்கும் 1.5. சாக்கெட்டுக்கு 2.5.

எது காப்பர் என்பதில்தான் ஏமாற்று. ஆம்ப்ளிஃபயர் வயரிங் கிட் என்று குறைந்த விலையில் வருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் காப்பர் பூச்சு. அந்த வகை 16 ஸ்கொயர், நல்ல காப்பரில் 10-க்குச் சமம். போதாததற்கு, பருமனான ரப்பர் உறைக்குள் கம்பி மெலிந்து இருக்கும். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்க. மேலே சிவப்பு, உள்ளே வெள்ளி என்றால் அலுமினியம். மேலே வெள்ளி, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய காப்பர், அது இன்னும் நல்லது. வெல்டிங் கேபிளும் வளைய வசதியானது, எண்ணெயும் சூடும் தாங்கும் ரகம் கிடைக்கும். ஆனால் அதிலும் அலுமினியம் விற்பனையில் உண்டு, கேட்டு வாங்குங்க.

லக் (வயர் முனையில் மாட்டும் துளையுள்ள உலோக முனை) நசுக்குவதை உளி வைத்து அடித்து முடிக்க விடாதீங்க. உள்ளே காற்றிடைவெளி நிற்கும், அங்கேதான் பின்னால் பச்சை பூக்கும். ஸ்விட்ச்போர்டு பேனல் செய்யும் பட்டறைகளில் அறுகோண கிரிம்ப்பிங் டூல் இருக்கும், வயரையும் '16-8' லக்கையும் (16 ஸ்கொயர் வயர், 8 மிமீ துளை) கொண்டுபோனால் அழுத்திக் கொடுப்பார்கள். சால்டர் மட்டும் வைத்து விட வேண்டாம், ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்த இடத்தில் அதிர்வில் வயர் முறியும். கிரிம்ப் மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் குழாய்) போடுங்க.

யாரும் கவனிக்காதது எர்த். ஆம்ப்ளிஃபயர் நெகட்டிவும் அதே 16 ஸ்கொயர்தான், அரை மீட்டருக்குள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீங்க. பாடியில் வேறு கனமான இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளித்தகடு தெரியும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே பெயின்ட் அடிங்க. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு வரும் அசல் வயர் மெலிசாக இருக்கும், அதோடு இணையாக இன்னொரு 16 போடுங்க. இல்லாவிட்டால் பின்னால் எவ்வளவு பருமன் போட்டும் முன்னால் கழுத்து நெரிபடும்.

முடித்ததும் மல்டிமீட்டரில் டிசி வோல்ட் வைத்து, ஒரு முனை பேட்டரி போஸ்ட்டின் ஈயத்தில், இன்னொன்று கிளாம்ப்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.1 வோல்ட்டுக்குள் வரணும். அதிகம் காட்டினால் கண்ணுக்கு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த இணைப்பு சரியில்லை.

தஞ்சைப்பயணி:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஃபாக் லேம்ப் ரிலேயில் 30, 87 எதற்கு எது? எல்லாம் சேர்ந்தால் ஆல்டர்னேட்டர் தாங்குமா, பெரிய பேட்டரி போடணுமா?

ஆட்டோவயர்மேன்:
30-க்கு ஃப்யூஸ் பிளாக்கிலிருந்து வரும் 2.5. 87-லிருந்து லேம்ப்புகள். 86-க்கு டேஷ்போர்டு ஸ்விட்ச், 85 எர்த். ஸ்விட்ச்சுக்கு மின்சாரத்தைப் பார்க் லைட் லைனிலிருந்து எடுங்க, பார்க் லைட்டை அணைத்தால் ஃபாக் லேம்ப்பும் சேர்ந்து அணையும். ரிலே காயில் கால் ஆம்பியரும் இழுக்காது, ஸ்விட்ச் வயர் 0.75 போதும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டணும், மழைத்தண்ணீர் உள்ளே தேங்காது.

டேஷ்கேமுக்கு ஃப்யூஸ் டேப், அதாவது இருக்கும் ஃப்யூஸ் சந்தில் செருகி இன்னொரு ஃப்யூஸோடு புதிய லைன் எடுக்கும் அடாப்டர். இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால், மின்சாரம் வரும் பக்கத்துச் சந்தில் இருக்கணும். டெஸ்ட் லேம்ப்பால் எந்தப் பக்கம் என்று பார்த்துச் செருகுங்க. ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸில் மட்டும் எதுவும் சேர்க்காதீங்க.

என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் கிரோமெட் கட்டாயம். ஆம்ப்ளிஃபயர் பவர் வயர் ஒரு பக்க வாசற்படி ஓரமாக, ஆடியோ சிக்னல் வயர் மறுபக்கமாக. ஒன்றாக ஓட்டினால் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஸ்பீக்கரில் 'ஊய்' சத்தம் ஏறி இறங்கும்.

அளந்துபார்:
ஆல்டர்னேட்டர் பற்றி: சிறிய வண்டிகளில் 70-80 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஐடிலில் அதில் பாதி வந்தால் பெரிது. இரவில் ஏசி, ஹெட்லைட், ஃபாக் லேம்ப், பாட்டு எல்லாம் போட்டு ஐடிலில் விட்டு பேட்டரி போஸ்ட்டில் வோல்ட் பாருங்க. 13.5 நின்றால் கவலையில்லை. 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் சுமக்கிறது, டிராஃபிக்கில் அரை மணி நேரம் அப்படி நின்றால் மறுநாள் செல்ஃப் எடுக்கத் திணறும். பெரிய பேட்டரி அதற்கு மருந்தாகாது, அது என்ஜின் ஆஃப் நிலையில்தான் உதவும். காற்று பம்ப்பை என்ஜின் ஓடும்போது மட்டும் பயன்படுத்துங்க.

கொங்குக்காரன்:
ஸ்டார்ட்-ஸ்டாப் (நின்றதும் என்ஜின் தானே அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆவது) இருக்கும் வண்டிக்கும் இதே வயரிங்தானா? நெகட்டிவ் கிளாம்ப்பில் ஒரு குட்டிப் பெட்டி, அதில் கனெக்டர் இருக்கிறது.

ஆட்டோவயர்மேன்:
அந்தப் பெட்டி கரண்ட் சென்சார். பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் அளந்து கணினிக்குச் சொல்கிறது. புதிய எர்த் எதையும் நெகட்டிவ் போஸ்ட்டில் நேராக மாட்டாதீங்க, சென்சாரைத் தாண்டி பாடி பக்கத்தில்தான் மாட்டணும். நேராக மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் இழுப்பது கணக்கில் வராது, பேட்டரி நிரம்பியிருக்கிறது என்று நினைத்து சார்ஜைக் குறைத்துவிடும். நெகட்டிவ் கிளாம்ப்பையும் மாற்ற வேண்டாம், சென்சார் அதோடு சேர்ந்தது.

இந்த வண்டிகளில் ஓட்டும்போதே சார்ஜ் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதனால் மேலே சொன்ன 13.5 சோதனையை ஹெட்லைட் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பாருங்க, ஒரே ஒரு அளவை நம்பாதீங்க. பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ ஏற்றமும் ஸ்டார்ட்-ஸ்டாப்பும் சிறிது நேரம் வேலை செய்யாமல் போகலாம். கண்ணாடியை முழுசாக இறக்கி ஏற்றி, மேலே போனபின் பட்டனைச் சில நொடி பிடித்தால் பெரும்பாலும் சரியாகும்.