கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்: அகலம் சரியா வருது, நீளம் மட்டும் ஆடுது. ஏன்?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் குகையில் கிடைத்த ஆஸ்ட்ரலோபித்திகஸ் ஆஃப்ரிகானஸ், ஸ்வார்ட்கிரான்ஸில் கிடைத்த பராந்த்ரோபஸ் ரோபஸ்டஸ்னு அழிஞ்சுபோன ஆதிமனித இனங்கள் ரெண்டோட கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல் வார்ப்புகளையும் டிஜிட்டல் காலிபரில் அளக்கிறேன். கன்னப்பக்கத்திலிருந்து நாக்குப்பக்கம் வரையிலான அகலம் எத்தனை தடவை எடுத்தாலும் 0.1 மி.மீ.க்குள்ள நிக்குது. முன்-பின் நீளம் 0.5 வரை மாறுது. நீளத்தை அகலத்தால் பெருக்கி வர்ற பரப்பை வெச்சு சிற்றினத்தைப் பிரிக்கலாம்னு திட்டம்.

பதில் 1:
முதல் சந்தேகம் அச்சு. தாடை வளைவைப் பார்த்து காலிபரைப் பிடிச்சா, கொஞ்சம் திரும்பி நிக்கிற பல்லில் குறுக்கா அளந்துடுவீங்க. பல்லோட நடுப்பள்ளத்தைப் பார்த்து அதுக்கு இணையா நீளம் எடுங்க. அகலம் அதுக்குச் செங்குத்தா.

ரெண்டாவது, பக்கத்துப் பல்லோடு உரசின தேய்மானம். முன்னும் பின்னும் தட்டையா ஒரு தடம் தெரியும். உதாரணத்துக்கு 13 × 12 = 156 ச.மி.மீ. பக்கத்துக்கு 0.5 போயிருந்தா அசல் நீளம் 14, பரப்பு 168. நூத்துக்கு ஏழெட்டு வித்தியாசம் வெறும் தேய்மானத்தால! அந்தத் தடத்தில் காலிபர் முனை எங்கே உட்காருதுங்கிறதும் தடவைக்குத் தடவை மாறும். அளந்த நீளம், திருத்திய நீளம்னு ரெண்டு பத்தி வெச்சுக்கோங்க. எதை எதோடு ஒப்பிடுறீங்கன்னு கலந்துடாதீங்க.

பதில் 2:
விரிசலையும் பாருங்க. எனாமலில் (பல்லோட கடினமான மேல் ஓடு) விரிசல் விழுந்து அதுக்குள்ள மண் புகுந்து இறுகினா பல் ஊதிப் பெரிசாயிடும். அளக்கிற கோட்டை வெட்டுற விரிசல்களோட அகலத்தை மட்டும் லென்ஸ் வெச்சு அளந்து கழிங்க. ஓரத்தில் ஓடுறதை விட்டுடுங்க.

தாடையோடு இருக்கிற பல்லுக்கு முனை மெலிசா தேய்ச்ச காலிபர் வேணும். சாதா முனை இடுக்கில் இறங்காது. வார்ப்புக்கு ஓகே, அசல் புதைபடிவத்தில் உலோக முனை படவே கூடாது. திரையில் 0.01 காட்டுதேன்னு நம்பாதீங்க, 0.1க்கு எழுதினா போதும்.

ஒரு வாரம் இடைவெளி விட்டு, பழைய எண்ணைப் பார்க்காம மறுபடி அளங்க. ஒவ்வொரு பல்லுக்கும் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, பல் எண்ணிக்கையோட ரெண்டு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. 20 பல்லுக்குக் கூட்டுத்தொகை 1.6 வந்தா பிழை 0.2 மி.மீ. அதைவிடச் சின்ன வித்தியாசத்தைப் பத்தி வாய் திறக்காதீங்க.

பதில் 3:
அளவு சரியானாலும் திட்டம் தேறுமான்னு சந்தேகம்தான். இந்த ரெண்டு சிற்றினத்துக்கும் முதல் கடைவாய்ப்பல் பரப்பு நல்லாவே ஒரே வரம்புக்குள்ள வந்து கலந்துடும். ரோபஸ்டஸ் தனியாத் தெரியறது விகிதத்தில்: கடைவாய்ப்பல் பெரிசு, கோரைப்பல்லும் வெட்டுப்பல்லும் சின்னது. ஒரே தாடையில் ரெண்டும் இருந்தா கோரைப்பல் பரப்பை முதல் கடைவாய்ப்பல் பரப்பால் வகுத்துப் பாருங்க. மைக்ரோ சிடி (நுண்ணிய எக்ஸ்ரே ஸ்கேன்) கிடைச்சா எனாமலும், அதுக்கு உள்ளே இருக்கிற டென்டினும் சேர்ற பரப்போட வடிவம் இன்னும் நல்லாப் பிரிக்கும். மேலே ஓரளவு தேய்ஞ்ச பல்லிலும் அது உள்ளே மிஞ்சியிருக்கும்.

கேட்டவர்:
உதிரிப் பல்லில் அது முதலா ரெண்டாவதான்னு எப்படி?

பதில் 3:
உரசல் தடம் முன்பக்கம் மட்டும் இருந்தா மூணாவதா இருக்கலாம். இல்லேன்னா அது முதலாவதாவோ ரெண்டாவதாவோ இருந்து, பின்னாடிப் பல் இன்னும் முளைக்காம இருக்கலாம். ரெண்டு பக்கமும் இருந்தா தடம் உதவாது. அந்தப் பல்லை எண்ணிக்கையில் சேர்க்காதீங்க.