கடலூர் வெயிலில் பாம்புக்கு ஹீட் பேட் எதற்கு என்று கேட்ட மகானுக்கு

முத்தியால்பேட்டை முதலை:
நேற்று பாம்பு வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடலூர்க்காரர் அருளியது: "நம்ம ஊர் வெயிலில் பால் பைத்தானுக்கு ஹீட் பேட் வாங்குவது தண்டச் செலவு." (பால் பைத்தான் ஒரு வகை மலைப்பாம்பு; ஹீட் பேட் அதன் பெட்டிக்குச் சூடு தரும் மின்விரிப்பு.) அதற்குப் பதினாலு கைதட்டல் வேறு. அதை நம்பி லாஸ்பேட்டையில் ஒரு தம்பி, வாங்கி வந்து 9 நாளாகியும் எலியைத் தொடாத குட்டிப் பாம்போடு உட்கார்ந்திருக்கிறார். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி இருக்க வேண்டும். மறுபக்கம் 26. சூடு இல்லாவிட்டால் விழுங்கின இரை வயிற்றிலேயே அழுகும், கக்கிவிடும். பாம்புக்கு அது தெரியும். சிலருக்குத்தான் தெரியவில்லை.

ஓ.டி. கடலூரான்:
அந்த மகான் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே, முதலை சார். மே மாதம் என் மாடி அறையில் மின்விசிறி ஓடும்போதே 34. அதற்கு மேல் பேட் வைத்தால் பாம்பு கருவாடாகும். எங்கள் ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய நகரில், கருவாட்டுக்குப் பஞ்சமில்லை.

முத்தியால்பேட்டை முதலை:
இப்போது மே மாதமா ஓடுகிறது? மார்கழி. நேற்று விடிகாலை என் வீட்டில் 22. திரும்பவும் சொல்கிறேன், 32 வேண்டும்.

லாஸ்பேட்டை புதுசு:
அண்ணே, அந்தத் தம்பி நான்தான். குட்டி 110 கிராம். வந்த அன்றே கையில் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் காட்டிவிட்டேன், அது தப்பா? கண்ணாடித் தொட்டி. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் பந்து மாதிரி சுருண்டே கிடக்கிறது. நேற்று உறைந்த எலியை வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

பாகூர் பால்காரர்:
பெயரே பால் பைத்தான். ஒரு டம்ளர் பால் வைத்துப் பார்த்தீர்களா தம்பி?

முத்தியால்பேட்டை முதலை:
பாம்பு பால் குடிக்காது ஐயா. தாகத்தில் எதை ஊற்றினாலும் வாய் வைக்கும், ஆனால் பாலைச் செரிக்கும் உடம்பு அதற்கு இல்லை. அது பசும்பால் இல்லை, பந்து என்கிற பால். பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருளும், அதனால் வந்த பெயர்.

பாகூர் பால்காரர்:
தெரியும். சும்மா கேட்டேன். பாண்டிச்சேரியில் சிரிப்புக்கும் வரி போட்டுவிட்டார்களா?

நெல்லிக்குப்பம் நிலா:
தம்பி, இவர்கள் முடிக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். வந்ததும் ஒரு வாரம் தொடவே கூடாது. கண்ணாடியின் மூன்று பக்கமும் பேப்பர் ஒட்டுங்கள். உடம்பு இடிக்கிற அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரண்டு வையுங்கள், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்தாலும் போதும். அதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலெல்லாம் ஒளிந்திருக்கிற சாதி. வெட்டவெளியில் வைத்தால் எப்படிச் சாப்பிடும்? இரவில், விளக்கை அணைத்துவிட்டு, உடம்பின் பருத்த இடத்தளவு குட்டி எலியாகக் கொடுங்கள். உதட்டோரக் குழிகளால் சூட்டை உணரும், அதனால் எலியின் தலை கதகதப்பாக இருக்கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு 5 நாள் கழித்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்காதவரை பயம் இல்லை.

அப்புறம், முதலை சார் சொல்வது பெட்டிக்குள் தரைச் சூடு, கடலூரான் சொல்வது அறைச் சூடு. இரண்டும் வேறு வேறு.

முத்தியால்பேட்டை முதலை:
தரையோ அறையோ, 32 என்றால் 32.

ஓ.டி. கடலூரான்:
அம்மா நிலா, மறைவிடம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் பேட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தேன். நெல்லிக்குப்பமும் கடலூர் மாவட்டம்தான், சொந்த ஊரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முத்தியால்பேட்டை முதலை:
இதில் மாவட்டம் எங்கே வந்தது? பாம்பு ரேஷன் கார்டா கேட்கிறது? பாண்டிச்சேரியிலிருந்து 20 சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கடலூரில் மட்டும் தனிச் சூரியனா? 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு, கரண்ட் போய் எங்கள் வீடே குளிர்சாதனப் பெட்டி மாதிரி ஆனது. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி மணிக்கொரு தரம் மாற்றினேன். என் பாம்பு பிழைத்தது. அப்போது உங்கள் வெயில் எங்கே போயிருந்தது?

ஓ.டி. கடலூரான்:
அப்போது தென்பெண்ணைத் தண்ணீர் எங்கள் தெருவில் நின்றது. பாம்புகள் தானாகவே வீட்டுக்கு வந்தன, சந்தா கட்டாமல். சரி, பேச்சு வந்ததால் கேட்கிறேன். போன பொங்கலுக்கு நீங்கள் எனக்கு விற்ற தெர்மோஸ்டாட், பேட்டின் சூட்டை அளவோடு நிறுத்துகிற கருவி, மூன்றே வாரத்தில் புகைந்தது. அந்த 1,400 ரூபாய் எங்கே? அதன் பிறகுதான் நான் ஹீட் பேட்டையே தூக்கி எறிந்தேன். இதை ஏன் இங்கே சொல்லவில்லை?

முத்தியால்பேட்டை முதலை:
ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டால் புகையாமல் என்ன செய்யும்? தெர்மோஸ்டாட் இல்லாத பேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும் என்று 10 முறை சொல்லிக் கொடுத்தவன் நான். நன்றி வேண்டாம், பழி போடாமல் இருந்தால் போதும்.

உப்பளம் ஓரமா நிக்கிறவன்:
ஏன் இவ்வளவு செலவு? வயலில் ஒரு சாரைக் குட்டியைப் பிடித்துப் பெட்டியில் விட்டால் பேட்டும் வேண்டாம், ரேட்டும் வேண்டாம்.

நெல்லிக்குப்பம் நிலா:
கம்பியும் எண்ணலாம். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம். பால் பைத்தானுக்கும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும், அதற்கான விதிகள் 2024இல் வந்தன. தம்பி, கடைக்காரர் ஏதாவது காகிதம் கொடுத்தாரா?

லாஸ்பேட்டை புதுசு:
ஒரு பில் கொடுத்தார் அக்கா. அதில் "அலங்கார மீன் 1" என்று எழுதியிருக்கிறது.

பாகூர் பால்காரர்:
அப்படியானால் மீன் தீனி போடுங்கள்.

முத்தியால்பேட்டை முதலை:
சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் 32.

நெல்லிக்குப்பம் நிலா:
சட்டத்தைப் பிறகு பார்க்கலாமா? நீங்கள் பதிவு செய்துவிட்டீர்களா சார்?

முத்தியால்பேட்டை முதலை:
என் பாம்பைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. சூட்டைப் பற்றிப் பேச்சு. நான் 11 வருஷமாக வளர்க்கிறேன். என்னிடம் இருக்கிற ஆண் பாம்பு ஒரு குளிர்காலத்தில் 4 மாதம் சாப்பிடவில்லை, நான் பதறவில்லை. ஏன்? சூடு சரியாக இருந்தது.

ஓ.டி. கடலூரான்:
அதாவது 32 வைத்தும் சாப்பிடவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள். எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை முதலை:
வளர்ந்த ஆண், இணைசேரும் காலம். 110 கிராம் குட்டியோடு அதை ஒப்பிடுகிறவரிடம் என்ன பேசுவது? "பாம்பின் கால் பாம்பறியும்" என்பார்கள்.

ஓ.டி. கடலூரான்:
முதலைக்கு எப்படித் தெரியும் அது?

லாஸ்பேட்டை புதுசு:
அண்ணே, பேப்பர் ஒட்டிவிட்டேன், சிரட்டையும் வைத்துவிட்டேன். பாம்பு உள்ளே போய்விட்டது, இப்போது மூக்கு மட்டும் தெரிகிறது. இன்றிரவு எலி கொடுக்கலாமா, வேண்டாமா?

முத்தியால்பேட்டை முதலை:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கடலூரான் முதலில் தன் தெர்மாமீட்டரை எங்கே வைத்து 34 பார்த்தார் என்று போட்டோ போடட்டும்.

ஓ.டி. கடலூரான்:
1,400 வரட்டும், போட்டோ வரும்.

லாஸ்பேட்டை புதுசு:
எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன் அண்ணே. அம்மா பார்ப்பதற்குள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை முதலை:
பிளக்கைத் தொட்டது ஈரக் கைதான். அதற்கு எவ்வளவு தருவீர்கள் என்று நான் கேட்டேனா?